துருத்தி பூட்டிய தேர்

வரலாறு என்றவுடன் நம் மாணவர் மனத்தில் அரசரும் போரும் ஆண்டுப் பட்டியலுமே தோன்றுகின்றன. அதில் அவர்கள் குற்றம் ஒன்றும் இல்லை. நாம் கற்பித்த முறை அது. கோட்டையைக் கட்டிய மன்னனின் பெயரை மனப்பாடம் செய்யும் மாணவன், அக்கோட்டைக் கதவின் கீலை அடித்த கொல்லனைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டறியான். ஆனால், பட்டறைக்கும் வரலாறு உண்டு. அங்கும் துணிவும் பிடிவாதமும் உண்டு; வெற்றியும் தோல்வியும் உண்டு. இரண்டு பேரறிஞர்கள் ஒரே பொருளைப் பற்றி நேர்மாறான கருத்துக் கொண்டு, காலத்தின் தீர்ப்பை எதிர்நோக்கி நின்ற வழக்குகளும் உண்டு.

அத்தகைய வழக்கு ஒன்றையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. நிகழ்ந்த இடம் இங்கிலாந்து. காலம் 1928 முதல் 1932 வரை. ஓர் எஞ்சினுக்குத் துருத்தி பூட்டி அதன் வலிமையை இருமடங்காக்க முனைந்தார் ஒருவர். அது தகாது என்று தடுத்தார், அந்த எஞ்சினைப் படைத்தவர். இருவரில் யார் சொன்னது சரி என்னும் வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், நம் வகுப்பறை வரை வந்து நிற்க நேரிடும்.

எஞ்சினின் மூச்சு

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவு செய்துகொள்வோம். கார் எஞ்சின் பெட்ரோலால் இயங்குகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதி உண்மையே. எடை அளவில் ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை. காற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே உயிர்வளி. எனவே, பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவதால் மட்டும் எஞ்சின் வலிமை பெறாது. அதற்கேற்ற காற்றும் உட்புக வேண்டும்.

சாதாரண எஞ்சின், தன் பிஸ்டன் கீழிறங்கும்போது ஏற்படும் வெற்றிடத்தினால் காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. அது தானாக மூச்சு விடும் முறை. ஆகவே, கூடுதல் வலிமை வேண்டுவோர்க்கு வழிகள் சிலவே உள. சிலிண்டரைப் பெரிதாக்கி நுரையீரலை விரிவாக்கலாம். அதே சிலிண்டரை விரைவாக இயக்கி மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டலாம். இவ்விரண்டும் அன்றி மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. வெளியிலிருந்து காற்றை அழுத்தி உள்ளே திணித்தால், சிறிய சிலிண்டரும் பெரிய சிலிண்டரின் வேலையைச் செய்யும். கொல்லன் உலையில் துருத்தி செய்யும் பணி இதுவே. எஞ்சினோடு பூட்டப்படும் இத்துருத்திக்குச் சூப்பர்சார்ஜர் என்று பெயர்.

இம்மூன்றாம் வழி எளிதாகத் தோன்றும். ஆயினும், அதற்கு விலை உண்டு. சைக்கிள் பம்பால் சக்கரத்துக்குக் காற்றடித்த மாணவன் எவனும் பம்பின் அடிப்பகுதி சுடுவதை அறிவான். அழுத்தப்பட்ட காற்று சூடேறும். சூடேறிய கலவை சிலிண்டருக்குள் உரிய நேரத்துக்கு முன்பே வெடிக்க முற்படும். வெடிப்பின் வேகம் கூடக் கூடப் பிஸ்டன், இணைப்புத் தண்டு, கிராங்க் தண்டு, அவற்றைத் தாங்கும் பேரிங்குகள் ஆகிய அனைத்தின்மீதும் பளு ஏறும். அன்றியும், துருத்தியைச் சுழற்றுவதற்கே எஞ்சின் தன் ஆற்றலில் ஒரு பகுதியைச் செலவிட வேண்டும். ஓர் உறுப்பைச் சேர்த்தால், சேர்த்தவன் மற்ற எல்லா உறுப்புகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதியாகும்.

துருத்தியின் பிறப்பு

வியப்பு என்னவெனில், இக்கருவி மோட்டார் வண்டிக்கும் மூத்தது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்னும் ஊரில் ரூட்ஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட சகோதரர் இருவர் இருந்தனர். கம்பளி ஆலை நடத்திய அவர்கள், ஆலைக்கான நீர்ச்சக்கரம் ஒன்றைத் திருத்த முயன்றபோது இக்கருவியைக் கண்டனர் என்பர். உருண்டை இடைசுருங்கி எட்டு என்னும் எண்ணின் வடிவம் கொண்ட இரண்டு சுழலிகள் ஒரு கூட்டினுள் எதிரெதிராகச் சுழலும். ஒன்றையொன்று தொடாது, ஆயினும் மிக நெருங்கியிருக்கும். ஒரு பக்கத்துக் காற்றை அள்ளி மறுபக்கத்தில் தள்ளும். 1860இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். நீருக்கென்று நினைத்தது காற்றுக்கே பொருந்தியது. உலைகளுக்குக் காற்றூதும் கருவியாக அது பயன்பட்டது.

எஞ்சினுக்குள் காற்றை முன்னரே அழுத்தி அனுப்பலாம் என்னும் எண்ணத்தை ஜெர்மானியப் பொறியாளர் கோட்லீப் டைம்லர் 1885ஆம் ஆண்டுக் காப்புரிமை ஒன்றிலேயே பதிவு செய்துள்ளார். 1908இல் அமெரிக்காவில் சாட்விக் என்னும் கார், காற்றூதும் கருவியோடு மலையேற்றப் பந்தயத்தில் ஓடியது. முதல் உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்காக இத்துறை வளர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அங்கே எஞ்சின் மூச்சுத் திணறும். அதற்கு மருந்தாகத் துருத்தி வேண்டியிருந்தது. போர் முடிந்தபின், 1921இல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் நிறுவனம் சூப்பர்சார்ஜர் பொருத்திய விற்பனைக் கார்களைக் காட்சிக்கு வைத்தது. 1923இல் இத்தாலியப் பெரும் பந்தயத்தில் ஃபியட் 805 வென்றது. சூப்பர்சார்ஜர் பூட்டிய கார் ஒன்று இத்தகைய பெரும் பந்தயத்தில் வென்றது அதுவே முதன்முறை. அதன்பின் ஐரோப்பாவின் பந்தயப் பட்டறைகள் யாவும் இவ்வழியே திரும்பின.

ஒருவர் மட்டும் திரும்பவில்லை.

இரு வேறு மனிதர்

வால்டர் ஓவன் பென்ட்லி 1888இல் பிறந்தவர். பதினாறாம் வயதில் டான்காஸ்டர் நகரின் ரயில்வே பட்டறையில் பயிற்சித் தொழிலாளராகச் சேர்ந்தவர். நீராவி எஞ்சினின் அருகில் நின்று தொழில் கற்றவர் அவர். நெடுந்தூரம் ஓடியும் களைக்காத எஞ்சினே நல்ல எஞ்சின் என்பது அவருடைய கொள்கை. வார்ப்பிரும்புப் பிஸ்டன் வழக்கில் இருந்த காலத்தில் இலேசான அலுமினியக் கலவைப் பிஸ்டனைக் காரில் புகுத்தி, அந்த அறிவைப் போர்க்கால விமான எஞ்சின்களுக்கும் பயன்படுத்தினார். 1919இல் தம் பெயரால் கார் நிறுவனம் தொடங்கினார். அவருடைய கார்கள் பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1924, 1927, 1928, 1929 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடின.

1928இல் வென்றது நாலரை லிட்டர் கார். நான்கு சிலிண்டர்; ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர் விட்டமும் 140 மில்லிமீட்டர் வீச்சும் உடையது; மொத்தக் கொள்ளளவு 4,398 கன சென்டிமீட்டர்; வலிமை 110 குதிரைத்திறன். போட்டியாளர் நெருங்கி வந்தபோது என்ன செய்வது என்னும் வினா எழுந்தது. பென்ட்லியின் விடை நேரானது. எஞ்சினைப் பெரிதாக்கு என்பதே அது. ஆறரை லிட்டர் கொண்ட ‘ஸ்பீட் சிக்ஸ்’ அவ்வாறு பிறந்தது. துருத்தி பூட்டுவது எஞ்சினின் இயல்பைக் கெடுப்பதாகும் என்று அவர் கருதினார். முதுமையில் எழுதிய தம் வரலாற்று நூலிலும் அக்கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

மற்றவர் சர் ஹென்றி பர்க்கின். நாட்டிங்ஹாம் நகரில் லேஸ் நெசவுத் தொழிலால் செல்வம் ஈட்டிய குடும்பத்தில் 1896இல் பிறந்தவர். கழுத்தில் புள்ளியிட்ட நீலப் பட்டுத்துணி காற்றில் பறக்கக் காரோட்டியவர். திக்குவாய் உடையவர், சக்கரத்தின் முன் அமர்ந்தால் தயக்கம் அறியாதவர். உலகம் துருத்தியின் பக்கம் சென்றுவிட்டது. பென்ட்லி மட்டும் பின்தங்கலாகாது என்பது அவர் வாதம். பென்ட்லி மறுத்தார். ஆனால், நிறுவனத்தின் தலைவராக இருந்த உல்ஃப் பர்னாட்டோ இசைந்தார். லெ மான் பந்தயத்தில் இவ்வகைக் கார் கலந்துகொள்ள வேண்டுமானால் 50 கார்களை விற்பனைக்குச் செய்தாக வேண்டும் என்ற விதி இருந்தது. அந்த ஐம்பதும் செய்ய ஒப்புதல் கிடைத்தது. தம் நிறுவனத்திலேயே தம் கருத்துக்கு மாறான கார் உருவாவதைப் பென்ட்லி பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது.

பட்டறையின் பணி

பர்க்கின் தம் பந்தயக் குழுவுக்கென வெல்வின் கார்டன் சிட்டி என்னும் ஊரில் தனிப் பட்டறை அமைத்தார். குதிரைப் பந்தயத்தில் பெயர் பெற்ற செல்வ மகள் டோரதி பேஜெட் பின்னர் அதற்குப் பொருளுதவி செய்தார். கிளைவ் கேலப் என்னும் பொறியாளர் உடனிருந்தார். துருத்தியை வடிவமைக்கும் பொறுப்பு ஆம்ஹெர்ஸ்ட் வில்லியர்ஸ் என்னும் இளைஞரிடம் சேர்ந்தது. அவருக்கு அப்போது வயது முப்பதைத் தொடவில்லை.

கடையில் வாங்கிப் பொருத்தக்கூடிய உறுப்பு அன்று அது. அந்த எஞ்சினுக்கென்றே அளவெடுத்து, வரைந்து, வார்த்து, கடைந்து செய்ய வேண்டியிருந்தது. அக்காலத்தில் இத்தகைய உறுப்பு உருவாகும் முறையை நம் மாணவர் அறிதல் நன்று. வரைபடத்தைப் பார்த்து முதலில் மரத்தில் அதே வடிவம் செதுக்கப்படும். உலோகம் குளிரும்போது சுருங்கும். அலுமினியம் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேல் சுருங்கும். ஆதலால், மரவடிவத்தை அந்த அளவு பெரிதாகவே செதுக்குவர். அதை மணலில் பதித்து எடுத்து, ஏற்பட்ட குழியில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். வார்ப்பு ஆறியபின் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, வேண்டிய இடங்களை வேண்டிய அளவுக்குக் கடைவர். சுழலிகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் அழியும். விலகினால் காற்று கசியும். அவற்றுக்கிடையே விடும் இடைவெளி மில்லிமீட்டரில் சிறு பின்னமே. அந்த இடைவெளியைக் காக்க, இரு சுழலிகளையும் பிணைக்கும் பற்சக்கரங்கள் பிழையின்றி வெட்டப்பட வேண்டும்.

துருத்தியை எங்கே வைப்பது என்பது அடுத்த வினா. தம் எஞ்சினின் உடலை மாற்றியமைக்கப் பென்ட்லி இசையவில்லை. எனவே, அது எஞ்சினுக்குள் இடம் பெறாமல், காரின் முகப்பில், ரேடியேட்டருக்கும் முன்னே அமர்ந்தது. கிராங்க் தண்டின் முன்முனையோடு நேராக இணைக்கப்பட்டு, எஞ்சின் சுழலும் அதே வேகத்தில் சுழன்றது. அதன் பக்கவாட்டில் இரண்டு கார்புரேட்டர்கள் பொருத்தப்பட்டன. பெட்ரோலும் காற்றும் கலந்து துருத்திக்குள் புகுந்து, அழுத்தம் பெற்று, குழாய் வழியே பின்னோக்கிச் சென்று சிலிண்டர்களை அடைந்தன. யானையின் தந்தங்களுக்கிடையே மத்தளம் கட்டியதுபோல் காணப்பட்ட அந்த முகப்பே பிற்காலத்தில் இக்காரின் அடையாளமாயிற்று.

பணி அத்துடன் முடியவில்லை. வில்லியர்ஸ் துருத்தியைக் கொடுத்தார். துருத்தி பிறவற்றைக் கேட்டது. கிராங்க் தண்டு வலுவாக்கப்பட்டது. இணைப்புத் தண்டுகளும் பிஸ்டன்களும் மாற்றப்பட்டன. எண்ணெய் ஓட்டம் பெருக்கப்பட்டது. இவ்வளவும் செய்தபின் விற்பனைக் கார் 175 குதிரைத்திறனும், பந்தயக் கார் 240 குதிரைத்திறனும் காட்டின. 110 எங்கே, 240 எங்கே! கணக்கின்படி பர்க்கின் வென்றுவிட்டார்.

ஆனால், எல்லாவற்றையும் மாற்ற முடியவில்லை. பென்ட்லி எஞ்சினில் சிலிண்டரும் அதன் தலைப்பகுதியும் ஒரே வார்ப்பு; பிரித்தெடுக்க இயலாது. அந்த உடல் தானாக மூச்சு விடுவதற்கென்று படைக்கப்பட்ட உடல். முன்னே அமர்ந்த துருத்தி கனத்தது. முன்சக்கரங்களின்மீது பளு கூடிற்று. எரிபொருள் செலவும் பெருகிற்று. 1929 ஜூன் மாதம் புரூக்லண்ட்ஸில் நடந்த ஆறு மணி நேரப் பந்தயமே இக்காரின் அரங்கேற்றம். அதை முடிக்காமலே அது விலகியது.

லெ மான், 1930

1930 ஜூன் 21. லெ மான் பந்தயத்தில் பென்ட்லியின் ஸ்பீட் சிக்ஸ் கார்கள் மூன்றும், பர்க்கின் குழுவின் துருத்திக் கார்கள் இரண்டும் களத்தில் இறங்கின. எதிரே ஜெர்மனியின் மெர்சிடிஸ் கார் ஒன்று. அதை ஓட்டியவர்கள் ருடால்ஃப் கரச்சியோலாவும் கிறிஸ்டியன் வெர்னரும். அதற்கும் துருத்தி உண்டு. ஆனால் அது எப்போதும் இயங்குவதன்று. ஓட்டுநர் மிதியை முற்றும் அழுத்தும்போது மட்டும் இணைந்து ஊளையிடும்.

தொடக்கச் சுற்றுகளில் மெர்சிடிஸ் முன்னே சென்றது. பர்க்கின் துரத்தினார். நீண்ட நேர்ச்சாலையில், மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில், இரண்டு சக்கரங்கள் சாலையோரப் புல்லில் உருள, அவர் மெர்சிடிஸைத் தாண்டினார். அவருடைய டயர் ஒன்றின் மேற்பட்டை அப்போது கிழிந்து போயிருந்தது. அந்தப் பந்தயத்தின் மிக விரைவான சுற்று அவருடையதே; 6 நிமிடம் 48 வினாடி. பார்த்தவர் பல்லாண்டு மறவாத காட்சி அது.

மெர்சிடிஸ் இரவில் பழுதுற்று நின்றது. ஆனால் விடிந்தபின் துருத்திக் கார்களும் நிலைக்கவில்லை. எஞ்சின் பழுதால் இரண்டும் விலகின. ஆரவாரமின்றி ஓடிக்கொண்டிருந்த ஸ்பீட் சிக்ஸ் கார்களுள் ஒன்று முதலிடமும் மற்றொன்று இரண்டாமிடமும் பெற்றன. பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் ஓட்டிய கார் 24 மணி நேரத்தில் 2,930 கிலோமீட்டர் ஓடியிருந்தது. துருத்திக்கு ஒப்புதல் அளித்த பர்னாட்டோவே துருத்தி இல்லாத காரில் வென்றார் என்பது வரலாற்றின் நகைச்சுவை. மெர்சிடிஸைத் துரத்தி அலைக்கழித்ததனால் பர்க்கின் அந்த வெற்றிக்கு உதவினார் என்பாரும் உளர். எவ்வாறாயினும் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ‘விலகினார்’ என்றே உள்ளது.

அவ்வாண்டு செப்டம்பரில் போ நகரில் நடந்த பிரெஞ்சுப் பெரும் பந்தயத்தில், இலேசான பந்தயக் கார்களுக்கிடையே தம் கனத்த காரை ஓட்டி, பர்க்கின் இரண்டாம் இடம் பெற்றார். அக்காரின் மிகச் சிறந்த வெற்றி அதுவே. முதலிடம் பெற்றது இரண்டு லிட்டர் புகாட்டி. அதற்கும் துருத்தி உண்டு என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

தீர்ப்பு

அக்டோபரில் பேஜெட் அம்மையார் பொருளுதவியை நிறுத்திக்கொண்டார். உலகப் பொருளாதார வீழ்ச்சி விலையுயர்ந்த கார்களின் சந்தையை அழித்தது. 1931இல் பென்ட்லி நிறுவனம் கடன் தாங்காது முறிந்து, ரோல்ஸ்-ராய்ஸ் கைக்கு மாறியது. இம்முறிவுக்குத் துருத்திக் கார் மட்டுமே காரணம் என்று கூறுதல் நேர்மையாகாது. ஆயினும், அது எந்தப் பெரும் பந்தயத்திலும் முதலிடம் பெறாமலே தன் காலத்தை முடித்தது.

அப்படியானால் பென்ட்லி சொன்னதே சரி என்று ஏட்டை மூடிவிடலாமா? கூடாது. 1931 லெ மான் பந்தயத்தைப் பார்த்துவிட்டே மூட வேண்டும். அவ்வாண்டு வென்றது இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ 8சி 2300. 24 மணி நேரத்தில் 3,000 கிலோமீட்டரை அங்கே முதன்முதலாகத் தாண்டிய கார் அது. எட்டுச் சிலிண்டர், கொள்ளளவு 2.3 லிட்டர் மட்டுமே, அதாவது பென்ட்லியின் ஏறத்தாழப் பாதி. அது துருத்தி பூட்டிய கார். அதை ஓட்டி வென்ற இருவரில் ஒருவர் ஹவ் பிரபு. மற்றவர் சர் ஹென்றி பர்க்கின்!

வேறுபாடு எங்கே இருந்தது? ஆல்ஃபாவை வடிவமைத்த விட்டோரியோ யானோ, துருத்தியைப் பின்னர் ஒட்டவில்லை. முதல் வரைகோட்டிலேயே அது இருந்தது. எட்டுச் சிலிண்டர்களை நான்கு நான்காகப் பிரித்து, நடுவில் பற்சக்கரங்களை வைத்து, அவற்றாலேயே வால்வுகளின் தண்டுகளையும் துருத்தியையும் இயக்கினார். கிராங்க் தண்டைப் பத்து இடங்களில் தாங்கினார். துருத்தி கேட்கப்போகும் வலிமை அனைத்தையும் முன்னரே எண்ணி, எஞ்சினின் உடலுக்குள் வைத்தார். அந்த எஞ்சின் கொண்ட கார்கள் 1934 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் லெ மானில் வென்றன.

ஆகவே, துருத்தி வலிமை தரும் என்ற பர்க்கின் கருத்து சரி. தம் எஞ்சினில் அதை ஒட்டலாகாது என்ற பென்ட்லியின் கருத்தும் சரி. அவர் பிழைபட்ட இடம், துருத்தியே தீது என்று பொதுவாக்கியது. இவர் பிழைபட்ட இடம், எந்த உடலும் தாங்கும் என்று துணிந்தது. சிறிய மயிற்பீலியே ஆயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்ன கருத்தை, இதைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சியை நான் கண்டதில்லை. வள்ளுவர் பீலியைப் பழிக்கவில்லை, அச்சையும் பழிக்கவில்லை. அளவையே பேசுகிறார்.

பர்க்கின் வாழ்வு நீளவில்லை. 1932 மார்ச்சு மாதம், தனியிருக்கை கொண்ட துருத்திக் காரில் புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தை மணிக்கு ஏறத்தாழ 222 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிச் சாதனை படைத்தார். மறு ஆண்டு மே மாதம் திரிபோலி பந்தயத்தில் அவர் கையில் எஞ்சினின் புகைக்குழாய் பட்டுச் சுட்டது. ஜூன் 22ஆம் நாள் காலமானார். தீப்புண்ணில் ஏறிய நஞ்சே காரணம் என்பர் சிலர். பழைய மலேரியாவும் சேர்ந்தது என்பர் சிலர். வயது 36.

மீண்டும் பிறந்த உறுப்புகள்

வரலாறு இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் தோற்ற காரை மக்கள் மறக்கவில்லை. இயான் ஃபிளெமிங் 1953இல் எழுதிய தம் முதல் துப்பறியும் நாவலின் தலைவனுக்கு இந்தக் காரையே ஓட்டக் கொடுத்தார். 2019இல் பென்ட்லி நிறுவனம், பர்க்கின் குழுவின் பந்தயக் கார்களுள் எஞ்சியிருந்த ஒன்றைப் பிரித்து அளந்து, அதே வகையில் புதிதாக 12 கார்கள் செய்யப்போவதாக அறிவித்தது.

தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய உறுப்புகளைக் கடையில் தேட முடியுமா? ஒவ்வோர் உறுப்பையும் ஒளிக்கதிரால் அளந்தனர், கையாலும் அளந்தனர். கணிப்பொறியில் வரைந்தனர். 1,846 தனி உறுப்புகள் புதிதாகச் செய்யப்பட்டன. சட்டகத்தைச் செய்தவர்கள் நீராவி எஞ்சின்களுக்குக் கொதிகலன் செய்வதில் 200 ஆண்டுக்காலம் தேர்ந்த ஒரு நிறுவனத்தார். தடித்த எஃகைக் கையால் வளைத்து, பழுக்கக் காய்ச்சிய ஆணிகளால் இணைக்கும் கலை அவர்களிடமே எஞ்சியிருந்தது. வில்லியர்ஸ் வடிவமைத்த துருத்தியும் மாறாமல் மீண்டும் வார்க்கப்பட்டது. முடிந்த எஞ்சினை ஓட்டிப் பார்த்த மேடை, இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் எஞ்சின்களைச் சோதித்த அதே பழைய மேடை. முதல் சோதனைக் கார் 2020இல் நிறைவெய்தியது.

இதில் ஆசிரியர் சமூகம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பந்தயத்தில் தோற்ற கார் மீண்டும் பிறக்க முடிந்ததற்குக் காரணம், அதன் உறுப்புகளையும் வரைபடங்களையும் யாரோ பாதுகாத்தனர் என்பதும், எஃகை வளைக்கும் கை ஒன்று தன் தொழிலை அடுத்த கைக்குக் கற்பித்தது என்பதுமாகும். எழுதி வைக்காத அறிவும், கற்பிக்காத தொழிலும் ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடும்.

வகுப்பறைத் துருத்தி

இனி, தொடக்கத்தில் சொன்ன வகுப்பறைக்கு வருவோம். இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில் நானும் ஒரு துருத்தி பூட்டினேன். தேர்வு நெருங்கிய வகுப்பு அது. காலையில் கூடுதல் பாடம், மாலையில் கூடுதல் பாடம், நாள்தோறும் மாதிரி வினாத்தாள். வாசிப்புக்கும் விளையாட்டுக்கும் இருந்த நேரத்தையும் பறித்துக்கொண்டேன். தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது, பெற்றோர் மகிழ்ந்தனர், எனக்கும் பாராட்டுக் கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அம்மாணவருள் சிலரைக் கண்டேன். இடைநிலைப்பள்ளியில் தடுமாறிக்கொண்டிருந்தனர். ஒருவன் பள்ளியையே விட்டுவிட்டான். நான் காற்றைத் திணித்தேன். கிராங்க் தண்டை வலுப்படுத்தவில்லை. தாமே ஒரு நூலை எடுத்துப் படித்துப் பொருள் உணரும் ஆற்றலே அந்தத் தண்டு. அதைச் செய்யாமல் குதிரைத்திறனைக் கணக்கிட்டு மகிழ்ந்தேன்.

கூடுதல் பயிற்சியே வேண்டாம் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். அது பென்ட்லியின் பிழையாகும். எந்தப் பிள்ளைக்கும் எவ்வளவும் ஊட்டலாம் என்றும் சொல்லமாட்டேன். அது பர்க்கினின் பிழையாகும். ஊட்டப்போவதை முன்னரே எண்ணி, அதைத் தாங்கும் உடலை முதலில் படைத்த யானோவின் வழியே ஆசிரியர்க்குரிய வழி.

மாணவர்களுக்கும் ஒரு சொல். வரலாற்று நூலில் வென்றவர் பட்டியலைப் படிக்கும்போது, ‘விலகினார்’ என்று குறிக்கப்பட்டவர் பெயரருகே சற்று நின்று, ஏன் விலகினார் என்று கேளுங்கள். 1930இல் விலகியவர் 1931இல் வென்றார். இடைப்பட்ட ஓராண்டில் உலகம் கற்றுக்கொண்ட பாடம், அந்த ஒரு கேள்வியின் விடையில்தான் இருக்கிறது.